அரசியின் கையில் இருந்த மெழுகுவர்த்தி

பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு. ஷேக்ஸ்பியர் தாளுக்கு முதல் இன்டெர்னல் தேர்வு. 'மேக்பெத்' நாடகத்தின் ஐந்தாம் அங்கத்திலிருந்து ஒரு பத்தியைக் கொடுத்து நயம் எழுதச் சொல்லியிருந்தார்கள். மன்னனைக் கொன்று அரியணை ஏறிய மேக்பெத், தன் மனைவியான அரசி இறந்துவிட்டாள் என்று ஆள் வந்து சொன்னதும் பேசும் பேச்சு அது. 'டுமாரோ', அதாவது 'நாளை', என்ற சொல் மூன்று முறை வரும். பிறகு, 'அணைந்துபோ, அணைந்துபோ, சிறு மெழுகுவர்த்தியே' என்பான். வாழ்க்கை நடமாடும் ஒரு நிழல் என்பான். மேடையில் தனக்குக் கிடைத்த சிறிது நேரம் துள்ளிவிட்டு மறைந்துபோகும் நடிகன் என்பான்.

நான் நான்கு பக்கம் எழுதினேன். மெழுகுவர்த்தி உருவகம். நிழல் உருவகம். நடிகன் உருவகம். 'டுமாரோ' திரும்பத் திரும்ப வருவதால் ரிப்பிட்டிஷன். 'பெட்டி பேஸ்' (அற்ப நடை) என்று ஓசை ஒன்றி வருவதால் அலிட்டரேஷன். கைடில் இருந்த எதையும் விடவில்லை. பத்துக்கு மூன்று மதிப்பெண் கிடைத்தது. மதிப்பெண்ணைவிட அதிகம் உறுத்தியது ஓரத்தில் இருந்த சிவப்பு மை. நான் அடிக்கோடிட்டிருந்த ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் மேடம் ஒரே கேள்வியை எழுதியிருந்தார்: 'அதனால் என்ன?' மொத்தம் ஐந்து இடங்களில்.

இன்று அதே நாடகத்தை நான் வகுப்பில் நடத்துகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கில இலக்கியத்தில் சேரும் பிள்ளைகள் முதல் செமஸ்டரில் எப்படி மிரண்டுபோய் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து அப்படி உட்கார்ந்திருந்தவள்தான் நானும். அந்த ஐந்து கேள்விகளுக்கும் பதில் தேடிப் போன வழியில் எனக்கு உதவியவற்றை அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கதை. நாடகத்தின் மூலத்தைத் திறப்பதற்கு முன்பே கதையைத் தெரிந்துகொள்வது குறுக்குவழி என்று நினைத்து நான் பல நாள் கூச்சப்பட்டேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு முதல் காட்சியிலேயே மூன்று மாலைகள் முட்டிக்கொண்டிருந்தேன். அது தேவையற்ற பிடிவாதம். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் போடுவார்கள். முருகன் வேடனாக வருவான், கிழவனாக வருவான், கடைசியில் வள்ளியை மணப்பான் என்பது பாயை விரித்து உட்காரும் சிறு பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் விடிய விடிய ஒருவரும் எழுந்து போவதில்லை. நாரதரும் வள்ளியும் இந்த ஆண்டு எப்படித் தர்க்கம் செய்யப்போகிறார்கள் என்பதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஷேக்ஸ்பியரும் பெரும்பாலும் கதையை வெளியிலிருந்துதான் எடுத்தார். 'மேக்பெத்' கதை ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் இருந்தது. சீசரின் கதை 1579-இல் ஆங்கிலத்தில் வந்த புளூட்டார்க்கின் வாழ்க்கை வரலாற்று நூலில் இருந்தது. கதை தெரிந்துவிட்டால், எப்படிச் சொல்லப்படுகிறது என்று கவனிக்க மனத்துக்கு இடம் கிடைக்கிறது. சார்லஸ் லாம்பும் மேரி லாம்பும் 1807-இல் சிறுவர்களுக்காக எழுதிய கதைச் சுருக்கங்களை இரண்டு மாலைகளில் படித்தேன். அதன் பிறகுதான் மூலம் என்னை உள்ளே விட்டது. ஆனால் சுருக்கத்தோடு நின்றுவிட்டால் தேரைப் பார்க்காமல் தேர்முட்டியை மட்டும் பார்த்துவிட்டு வந்தது போல ஆகிவிடும்.

அடுத்தது ஓசை. இதில் நான் செய்த தவறு பெரியது. தமிழ் இலக்கணம் நன்றாகப் படித்த பிள்ளைகள் எல்லோரும் செய்வது. வெண்பாவை அலகிட்டுப் பழகிய கையோடு 'டுமாரோ' என்பதை நிரை நேர், புளிமா என்று அலகிட்டேன். ஆங்கில யாப்பு அப்படி நடப்பதில்லை. நமக்கு எழுத்தின் அளவு, குறிலா நெடிலா என்பது கணக்கு. அவர்களுக்கு எந்த அசையை அழுத்திச் சொல்கிறோம் என்பது கணக்கு. அழுத்தாத அசை ஒன்று, அழுத்தும் அசை ஒன்று என்று ஐந்து இணைகள் சேர்ந்தால் ஒரு வரி. இதைத்தான் அயாம்பிக் பென்டாமீட்டர் என்கிறார்கள். நம் காது அந்த அழுத்தத்துக்குப் பழகியதில்லை. நாம் ஆங்கிலத்தையும் அசைகளைச் சமமாக வைத்தே பேசுகிறோம். அதனால் கண்ணால் படித்தால் இந்தத் தாளம் நமக்குக் கடைசி வரை பிடிபடாது.

மேடம் ஒரு நாள் எங்கள் எல்லோரையும் மேசையைத் தட்டச் சொன்னார். டு-மா-ரோ-அண்ட்-டு-மா-ரோ-அண்ட்-டு-மா-ரோ. பதினோரு அசைகள், ஐந்து தட்டுகள். கடைசி 'ரோ' ஐந்து இணைகளுக்கு வெளியே அழுத்தமில்லாமல் மிஞ்சி நிற்கும். 'மா' மேல் ஒரு தட்டு, 'அண்ட்' மேல் ஒரு தட்டு, மறுபடி 'மா', மறுபடி 'அண்ட்', மறுபடி 'மா'. "எந்தச் சொல் மேல் தட்டு விழக் கூடாதோ அதன் மேல் விழுகிறது, கேட்டீர்களா?" என்றார். 'அண்ட்' என்பது வெறும் இணைப்புச் சொல். சாதாரணப் பேச்சில் அதை விழுங்கிவிடுவோம். இந்த வரியில் அதன் மேலும் கால் ஊன்றித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. "இப்போது 'அண்ட்' இரண்டையும் எடுத்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார். டுமாரோ, டுமாரோ, டுமாரோ. ஓடிவிட்டது. நாளை வந்துகொண்டே இருக்கிறது என்ற அலுப்பு போய், நாளைக்கு எதற்கோ காத்திருக்கும் குழந்தையின் அவசரம் வந்துவிட்டது. நான் தேர்வில் ரிப்பிட்டிஷன் என்று மட்டும் எழுதியிருந்தேன். திரும்ப வரும் சொல்லைவிட, அந்தச் சொற்களுக்கு நடுவில் கிடக்கும் இரண்டு 'அண்ட்'களில்தான் அந்த மனிதனின் சோர்வு இருக்கிறது. தமிழில் சொல்வதானால் 'நாளை, நாளை, நாளை' என்பதற்கும் 'நாளையும், நாளையும், நாளையும்' என்பதற்கும் உள்ள வேறுபாடு. ஓர் 'உம்' எவ்வளவு பாரம் சுமக்கிறது!

ஐந்து கேள்விகளில் ஒன்றுக்கு அன்று பதில் கிடைத்தது. அந்தப் பதிலோடு ஒரு வழியும் கிடைத்தது. ஓர் உத்தியைக் கண்டால் அதன் பெயரை எழுதுவதற்கு முன், அதை எடுத்துவிட்டு வரியை மாற்றி எழுதிப் பார்க்க வேண்டும். எது போய்விட்டது என்று பார்த்தால், அதுதான் அந்த உத்தி செய்த வேலை. இதை நான் இன்றுவரை ஒவ்வொரு பாடத்திலும் செய்கிறேன். ஷெல்லியின் 'ஓசிமாண்டியஸ்' 1818-இல் வெளிவந்த பதினான்கு வரிக் கவிதை. பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் ஒரு மன்னனின் சிலையைப் பற்றியது. 'தொல்நாட்டிலிருந்து வந்த பயணி ஒருவனைச் சந்தித்தேன்' என்று தொடங்குகிறது. இந்தப் பயணி எதற்கு? 'பாலைவனத்தில் ஒரு சிலையைக் கண்டேன்' என்று தொடங்கினால் என்ன? மாற்றி எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. 'வல்லமை படைத்தோரே, என் செயல்களைப் பார்த்துக் கலங்குங்கள்' என்று முழங்குகிறான் மன்னன். ஆனால் அந்த முழக்கம் ஒரு சிற்பியின் உளிவழியாக, ஒரு பயணியின் வாய்வழியாக, ஒரு கவிஞனின் பேனாவழியாக நம்மிடம் வருகிறது. மன்னர் மன்னனுக்குச் சொந்தக் குரல் என்று ஒன்று மிஞ்சவில்லை. பயணியை எடுத்துவிட்டால் இந்த இழப்பு கண்ணில் படாது.

பழைய சொற்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தெரியாத சொல் நம்மை ஏமாற்றாது, அகராதியைப் பார்த்துவிடுவோம். தெரிந்தது போலத் தோற்றம் தரும் சொல்தான் ஏமாற்றும். 'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ' என்று மாடத்தில் நின்று ஜூலியட் கேட்பதை, ரோமியோ எங்கே இருக்கிறான் என்று தேடுவதாகவே நான் ஓராண்டு நினைத்திருந்தேன். 'வேர்ஃபோர்' என்றால் 'ஏன்' என்று பொருள். ஏன் நீ ரோமியோவாக, பகைக் குடும்பத்தின் பெயரோடு, பிறந்தாய் என்பது அவள் துயரம். 'நாற்றம்' என்பது சங்கப் பாடலில் நறுமணம் என்று அறிந்திருந்த எனக்கு, ஆங்கிலச் சொல்லும் அப்படி மாறியிருக்கும் என்று தோன்றாமல் போனது. பதிப்பின் அடிக்குறிப்பைத் தெரிந்த சொல்லுக்கும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஆனால் பழைய ஆங்கிலத்தில் ஓரிடத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலேயருக்கும் இல்லாத வசதி இருக்கிறது. 'தௌ', 'யூ' என்று முன்னிலைக்கு அன்று இரண்டு சொற்கள் இருந்தன. இன்றைய ஆங்கிலத்தில் ஒன்றுதான் புழக்கத்தில் இருக்கிறது. அதனால் ஆங்கிலமே தாய்மொழியான மாணவனும் இதைப் பாடமாகப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நமக்கு 'நீ', 'நீங்கள்' என்பது பால்குடியோடு வந்தது. 'ஹாம்லெட்' நாடகத்தில் கணவன் இறந்ததும் அவன் தம்பியை மணந்துகொண்ட அரசி, தன் மகனைக் கண்டிக்க அழைக்கிறாள். "ஹாம்லெட், நீ உன் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டாய்" என்கிறாள். "அம்மா, நீங்கள் என் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டீர்கள்" என்கிறான் மகன். ஒரே வாக்கியம் திருப்பி அடிக்கப்படுகிறது. அவள் வாயில் 'தந்தை' என்பது புதுக் கணவன். இவன் வாயில் அது இறந்துபோனவர். மகன் 'நீங்கள்' என்று மரியாதையாகவே பேசுகிறான். அந்த மரியாதைக்குள்தான் கத்தி இருக்கிறது. அடுத்த வரியில் அரசியும் 'நீ'யை விட்டுவிட்டு 'யூ' என்று மாறிவிடுகிறாள். கோபம் முற்றிய தாய் பெற்ற பிள்ளையைப் பார்த்து, "சரிங்க, நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று சொன்னதைக் கேட்காத தமிழ்ப் பிள்ளை உண்டா? இந்தக் காட்சியை வகுப்பில் தமிழாக்கிச் சொல்லும்போது கடைசி வரிசை வரைக்கும் முகங்கள் நிமிர்வதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். தமிழ்வழியில் படித்ததைக் குறையாக எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

அணியிலக்கணம் படித்திருந்தால் அதுவும் துணைக்கு வரும், ஆனால் ஓர் எல்லை வரைக்கும்தான். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடிகள் 'வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட' என்று சிலப்பதிகாரத்தில் வருவதைப் பள்ளியில் தற்குறிப்பேற்ற அணிக்கு எடுத்துக்காட்டாகப் படித்திருந்தேன். மேக்பெத் மன்னனைக் கொன்ற இரவுக்குப் பிறகு, ஆந்தை ஒன்று வல்லூறைக் கொன்றதையும் மன்னனின் குதிரைகள் ஒன்றையொன்று தின்றதையும் பேசிக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றே என்று எழுதிக் கொடுத்தேன். மேடம் கூப்பிட்டு, "ஒற்றுமை சரி. எங்கே பிரிகிறது என்று பார்" என்றார். கொடி காற்றில் எப்போதும் போல்தான் ஆடுகிறது. அது தடுக்கிறது என்று கவிஞர்தான் தன் நெஞ்சின் பதைப்பை அதன்மேல் ஏற்றுகிறார். குதிரைகள் அப்படி அல்ல. நாடகத்துக்குள் அவை நிஜமாகவே வெறிபிடித்துத் தின்றிருக்கின்றன. அரசனைக் கொன்றால் உலகின் ஒழுங்கே குலையும் என்று நம்பிய சமூகத்தின் பயம் அதில் இருக்கிறது. ஒப்பிடும்போது பிரியும் இடத்தைத் தேடினால்தான் இரண்டு நூல்களும் தெளிவாகத் தெரிகின்றன.

மெழுகுவர்த்திக்கு வருகிறேன். ஐந்து கேள்விகளில் அதுதான் என்னை நெடுநாள் அலைக்கழித்தது. வாழ்க்கை குறுகியது, மெழுகுவர்த்தியும் விரைவில் தீரும், ஆகவே உருவகம். அதனால் என்ன? எடுத்துவிட்டு மாற்றி எழுதிப் பார்த்தேன். விளக்கு என்று போட்டால், நீர்க்குமிழி என்று போட்டால் என்ன குறைகிறது? குறைந்தது என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

நான் மூன்றாம் ஆண்டு படித்த 2012-இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தது. எங்கள் ஊரில் இரவில் ஒரு மணி நேரம் மின்சாரம் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. ஓர் இரவு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு செமஸ்டருக்காக ஐந்தாம் அங்கத்தைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அரசி தூக்கத்தில் நடக்கும் முதல் காட்சி. கையில் ஒட்டிய ரத்தம் போகவில்லை என்று இல்லாத நீரில் கையைக் கழுவுவாள். அது எல்லோருக்கும் தெரிந்தது. கொலை நடந்த இரவில் 'கொஞ்சம் தண்ணீர் போதும், இந்தச் செயல் கழுவப்பட்டுவிடும்' என்றவள், இங்கே அரேபியாவின் வாசனைத் திரவியம் முழுவதும் இந்தச் சிறு கையை மணக்கச் செய்யாது என்கிறாள். கைடில் இதெல்லாம் இருந்தது. அவள் நுழையும் இடத்தில் இருந்த மேடைக்குறிப்பைத்தான் நான் இதுவரை தாண்டிப் போயிருக்கிறேன். அவள் கையில் ஒரு மெழுகுவர்த்தியோடு வருகிறாள். அந்த விளக்கு அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று மருத்துவர் கேட்கிறார். எப்போதும் தன் பக்கத்தில் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது அவள் கட்டளை என்கிறாள் பணிப்பெண்.

நான் பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பினேன். முதல் அங்கத்தில் இதே பெண், தன் கத்தி செய்யும் காயத்தை அந்தக் கத்தியே பார்க்காதபடி அடர்ந்த இரவே வந்து மூடு என்று இருட்டை அழைத்தவள். இருளை வேண்டி அழைத்தவளுக்கு இப்போது இருட்டில் இருக்க முடியவில்லை. நான்கு காட்சிகள் தள்ளி அவள் இறந்த செய்தி வருகிறது. மேக்பெத் 'அணைந்துபோ, சிறு மெழுகுவர்த்தியே' என்கிறான். அவள் விளக்கோடு நடந்ததை அவன் பார்த்ததாக நாடகத்தில் இல்லை. நாம்தான் பார்த்திருக்கிறோம். அவன் பொதுவாக வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறான். நம் கண்ணுக்கு மட்டும் ஒரு பெண்ணின் கையும் அதில் நடுங்கும் சுடரும் தெரிகின்றன. நீர்க்குமிழி என்று போட்டிருந்தால் அந்தக் கை தெரியாது. பக்கத்து அறையில் அப்பாயி, மெழுகுவர்த்தியை அங்கேயும் கொண்டுவந்து வைக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து கொண்டுபோய் வைத்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அந்தக் காட்சியில் இன்னொன்றும் இருந்தது. எந்தப் பாடத்தையும் படிக்கத் தொடங்குவதற்கு முன் பக்கத்தின் வடிவத்தைச் சும்மா பாருங்கள். வலது ஓரம் ஏறி இறங்கி இருந்தால் செய்யுள். வரி ஓரம் வரை நிரம்பியிருந்தால் உரைநடை. அதுவரை செய்யுளில் பேசிய அரசி, தூக்கத்தில் நடக்கும்போது உரைநடையில் பேசுகிறாள். தாளத்தின் பிடி அவள் கையை விட்டுப் போய்விட்டது. 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் சீசர் கொல்லப்பட்ட பிறகு மக்கள் கூட்டத்துக்கு முன் புரூட்டஸ் உரைநடையில் காரணகாரியமாகப் பேசிவிட்டுப் போகிறான். அடுத்து வரும் ஆன்டனி செய்யுளில் பேசுகிறான், கூட்டம் அவன் பக்கம் சாய்கிறது. ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாத நிலையிலும் பக்கத்தைப் பார்த்தே இந்த மாற்றத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று நான்கு சொற்களை மட்டும் மேற்கோளாக எடுங்கள். அது அந்த இடத்தில் என்ன செய்கிறது என்று உங்கள் எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். உத்தியின் பெயர் கடைசியில் வந்தால் போதும். கைடின் பெரிய வாக்கியங்களுக்கு நடுவே உங்கள் சிறிய வாக்கியம் ஒன்று இருந்தால், திருத்துபவரின் கண் அதில்தான் நிற்கும். இப்போது விடைத்தாள் திருத்துபவளாகவே இதைச் சொல்கிறேன்.

படிக்கும்போது கையில் பென்சில் இருக்கட்டும். ஒரு பொருள் இரண்டாம் முறை கண்ணில் பட்டால் இரண்டு இடத்திலும் ஓரத்தில் கோடு போடுங்கள். என் 'மேக்பெத்' பிரதியில் இருளுக்கும் வெளிச்சத்துக்கும் அப்படி மூன்று கோடுகள் இருந்தன: முதல் அங்கத்தின் இரவு, ஐந்தாம் அங்கத்தில் அரசியின் கை, பிறகு மேக்பெத்தின் பேச்சு. பல ஆண்டுகள் இந்த மூன்றையும்தான் வகுப்பில் காட்டி வந்தேன்.

போன ஆண்டு அதைச் சொல்லி முடித்தபோது, முதல் செமஸ்டர் முழுக்க வாயே திறக்காத ஒரு மாணவன் எழுந்தான். "மேடம், இரண்டாம் அங்கத்திலும் மெழுகுவர்த்தி வருகிறது" என்றான். மன்னன் கொல்லப்படும் இரவில் மேக்பெத்தின் சக தளபதி பாங்க்வோ தன் மகனோடு நடந்து வந்து வானத்தைப் பார்க்கிறான். நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. 'மேலே சிக்கனம் பிடிக்கிறார்கள், மெழுகுவர்த்திகளை எல்லாம் அணைத்துவிட்டார்கள்' என்கிறான். எத்தனையோ முறை நான் வாசித்துக் கடந்த வரி. வகுப்பு முழுவதும் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கியது. சற்று நேரத்தில் சன்னலோரம் இருந்த பெண் மூன்றாம் அங்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கையைத் தூக்கினாள். அதே பாங்க்வோ கொலையாகும் இடம். அவனும் மகனும் பந்தத்தோடு வருகிறார்கள். இருட்டில் மகன் தப்பிவிட, கொலையாளிகளில் ஒருவன், 'வெளிச்சத்தை அணைத்தது யார்?' என்று கேட்கிறான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் என் பழைய பிரதியை எடுத்தேன். இரண்டு வரிகளுக்கும் ஓரத்தில் கோடு போட்டு, பக்கத்தில் அந்தப் பிள்ளைகளின் பெயரின் முதல் எழுத்தையும் தேதியையும் பென்சிலால் எழுதி வைத்தேன்.